மணிதாவின் குதிரைகள்

கொல்கத்தா: ஒரு நகரம், பல குரல்கள் – 14

ராஜர்ஹாட்டின் வயல்கள் நியூ டவுனாக மாறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே கவிஞர் ரவீந்திரருக்கு ரவீந்திர தீர்த்தா இருக்கிறது, கவிஞர் நஸ்ருலுக்கு நஸ்ருல் தீர்த்தா இருக்கிறது. அவ்விருவருக்கும் பின் வங்கப் பாட்டைத் திசை திருப்பிய ஏழு பேரின் முதல் இசைத்தட்டு இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். அதற்குமுன் அவர்களின் தலைவன் கௌதம் சட்டோபாத்யாயைப் பார்த்துவிடுவோம். நண்பர்களுக்கு அவர் மணிதா.

பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். அறுபதுகளின் பிற்பகுதியில், ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு ‘தி அர்ஜ்’ என்ற குழுவில் பார்க் ஸ்ட்ரீட் விடுதிகளில் மேனாட்டு இசை வாசித்தார். கிடாரும் வரும், சாக்ஸபோனும் வரும். பாவுல் பாடகர்களின் இசை மீதும் தீராத பித்து.

பிறகு நக்சல்பாரி புரட்சி இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. போலீஸ் பிடித்தது, சித்திரவதை செய்தது, சிறையில் அடைத்தது. வங்காளத்தில் கால் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் விட்டார்கள். ஜபல்பூர், போபால் என்று அலைந்தார். அந்த ஆண்டுகளில் வங்க இளைஞர்களை வேட்டையாடிய அரசை வரலாறு மன்னிக்கக் கூடாது. அத்தனை அடிக்குப் பிறகும் பாட வந்தாரே, அவர்தான் என் நாயகன்.

ஊர் திரும்பியவர் 1975இல் ஆள் சேர்த்தார். தம்பிகள் பிரதீப், விஸ்வநாத்; உறவினர் ரஞ்சன் கோஷால்; நண்பர்கள் தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், வயலின் வாசித்த ஆபிரகாம் மஜும்தார். ஏழு பேர் என்பதால் முதலில் ‘சப்தரிஷி’ என்று பெயர். அடுத்து ‘தீரந்தாஜ்’. அதன்பின் ‘கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி.யும் குழுவினரும்’! கடைசியில் ரஞ்சன், ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார்: ‘மொஹீனேர் கோராகுலி’, மொஹீனின் குதிரைகள். 1954இல் டிராம் மோதி இறந்த அந்தக் கவிஞரை நகரம் உயிரோடு இருந்தபோது போதிய அளவு கொண்டாடவில்லை. இவர்களையும் அப்படித்தான் நடத்தியது.

1977இல் முதல் தட்டு வந்தது. கிடாரும் பாவுல் சாயலும் கலந்து, கொல்கத்தாவின் பதற்றத்தையே பாடினார்கள். காதலும் நிலவுமாகக் கேட்டுப் பழகிய காதுகள் ஏற்கவில்லை. 1978, 1979இல் மேலும் இரண்டு தட்டுகள்; 1981இல் குழு கலைந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ‘பிக் ஸ்டார்’ குழுவுக்கும் இதே கதிதான். 1972இல் வந்த அவர்களின் முதல் தட்டும் அன்று விற்கவில்லை. அடுத்த தலைமுறை தேடியெடுத்துக் கொண்டாடியது.

மணிதாவின் பாட்டுக்கு அந்த நாள் 1995இல் வந்தது. அவர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு கொண்டுவந்த தொகுப்பு புத்தகக் கண்காட்சியில் பரவியது. நான்கே ஆண்டுகளில், 1999 ஜூனில், அவர் இறந்தார். ‘ப்ரித்திபீட்டா நாகி’ என்ற அவருடைய பாட்டின் மெட்டுதான் 2006இல் ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் நாடெங்கும் ஒலித்தது. முணுமுணுத்த பலருக்கு அவர் பெயர் தெரியாது.

இன்று வங்காளத்தில் கிடாரோடு மேடையேறும் எந்தக் குழுவும் அவருக்குக் கடன்பட்டதே. இரு பெருங்கவிஞர்களுக்கு இடம் கொடுத்த நியூ டவுன், அந்த ஏழு பேருக்கும் ஓர் அரங்கம் கட்ட வேண்டும்.