9437056: பெருமைப்பட முன் கணக்கைப் பார்ப்போம்



"ஐரோப்பியர் முஸ்லிம்களிடம் திருடிய கணிதம்" என்று ஒரு படம் போன கிழமை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதில் 9437056 என்ற எண் இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். பாடவேளை போதவில்லை, ஆகவே இங்கே எழுதுகிறோம்.

முதலில் சின்ன எண். 220ஐ மீதியின்றி வகுப்பவை (அதே எண்ணை விட்டு) 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. கூட்டினால் 284. இனி 284க்கு 1, 2, 4, 71, 142. கூட்டினால் 220! இப்படிப்பட்ட சோடிகளை நட்பெண்கள் என்பார்கள். இந்தச் சோடி கிரேக்கருக்கே தெரியும். ஆக, தொடக்கம் நம்முடையதல்ல.

மற்றச் சோடிகளைத் தேட வழி சொன்னவர் ஸாபித் இப்னு குர்ரா. ஹர்ரானில் நாணயம் மாற்றிக்கொண்டிருந்தவரை பனூ மூஸா சகோதரர்கள் பக்தாதுக்கு அழைத்து வந்தார்கள். 901இல் காலமானார். படத்தில் 'முஸ்லிம் விஞ்ஞானி' என்றிருந்தது. அவர் முஸ்லிம் அல்ல, ஸாபியீன் சமயத்தவர். ஆனால் அவருக்கு இடம் கொடுத்தது பக்தாத், அவர் எழுதிய மொழி அரபு. அதைச் சொல்லிப் பெருமைப்படலாமே!

அவரது விதி இதுதான். 3, 6, 12, 24, 48 என இரட்டித்துக்கொண்டு போங்கள். அடுத்தடுத்த இரண்டை எடுங்கள், 6உம் 12உம் என்போம். ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் 5, 11. இரண்டையும் பெருக்கி 1 குறைத்தால் 71. மூன்றும் முதன்மையெண்கள். 12இன் மூன்றிலொன்று 4. இனி 5×11×4 = 220, 71×4 = 284.

12, 24 எடுத்தால் சரிவராது. 11, 23 சரி, ஆனால் 287 = 7×41. 24, 48 எடுத்தால் 17296, 18416 கிடைக்கும். 192, 384 எடுத்தால்தான் 9363584உம் நமது 9437056உம். இதற்கு 73727 முதன்மையெண்ணா என்று பார்க்க வேண்டும். 271 வரையுள்ள 58 முதன்மையெண்களாலும் வகுத்துப் பார்க்கும் வேலை, கல்குலேட்டர் இல்லாமல்.

17296 சோடியை 1300 அளவில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-பாரிஸியும் மராகேஷில் இப்னுல் பன்னாவும் எழுதிவைத்தார்கள். பெர்மா அதை அறிவித்தது 1636இல். பெரிய சோடியை 1600 அளவில் முஹம்மத் பாகிர் யஸ்தி கண்டார், டேக்கார்ட் 1638இல். நெடுங்காலம் நூல்களில் இருந்தவை பின்னவர்களின் பெயர்களே.

திருட்டா? சான்றில்லை. அவர்களும் தாங்களே கண்டார்கள். முன்னோரின் கையெழுத்துப் பிரதிகளைத் திறந்து பார்க்க ஆளில்லாமல் போனதுதான் நமக்கு வலிக்க வேண்டும்.

இன்னொன்று. 1184, 1210 என்ற சிறிய சோடி இவர்கள் எவர் கண்ணிலும் படவில்லை, அது ஸாபித்தின் விதிக்குள் வராது. 1866இல் அதைக் கண்டவர் பகானினி என்ற இத்தாலியப் பையன். வயது 16, நமது தரம் 11 பிள்ளைகளின் வயது. இன்றிரவு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.