கூலிக் கணக்கும் குழுக் கட்டுப்பாடும்: ஹாதார்ன் கம்பி இணைப்பறை குறித்து ஒரு மறுவாசிப்பு

நம் கல்லூரிகளின் வணிகவியல், மேலாண்மைப் பாடங்களில் ஹாதார்ன் ஆய்வுகளுக்கு உறுதியான இடம் உண்டு. விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது, தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வே தொழிலாளரை ஊக்கியது என்பதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த ஆய்வுத் தொடரின் கடைசிப் பகுதியான கம்பி இணைப்பறைக்குக் கிடைப்பது, முறைசாராக் குழு ஒன்று நிர்வாகத்தின் நோக்கத்துக்கு எதிராக உற்பத்தியை மட்டுப்படுத்தியது என்ற சுருக்கம் மட்டுமே. நிறுவனத்தை அறிவின் பக்கமும் குழுவை உணர்ச்சியின் பக்கமும் நிறுத்தும் இந்தப் பிரிவினை தவறானது என்பது என் வாதம். நிறுவனம் வகுத்த கூலி விதியும் வேலைப் பகுப்புமே அந்தக் குழுவை உருவாக்கின. தன்னைத் தடுப்பதாக நிர்வாகம் குறைபட்டுக்கொண்ட நடத்தை, பெரும்பகுதி அதன் சொந்த ஏற்பாட்டில் விளைந்தது.

சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை இயங்கியது. அங்கே 1928 முதல் நடந்த 20,000க்கும் மேற்பட்ட நேர்காணல்களில், தொழிலாளர் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு உற்பத்தியைக் கட்டுக்குள் வைப்பது தெரியவந்தது. அதை நேரில் காண, மானிடவியலாளர் லாயிட் வார்னரின் ஆலோசனையோடு ஒரு தனி அறை ஏற்பாடாயிற்று. 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, தொலைபேசி நிலையங்களுக்கான இணைப்புத் தொகுதிகளைச் செய்யும் 14 ஆண்கள் அங்கே வேலை செய்தனர். 9 பேர் கம்பி இணைப்போர், 3 பேர் பற்றவைப்போர், 2 பேர் தரம் பார்ப்போர். நோக்காளர் ஒருவர் அறைக்குள்ளேயே அமர்ந்து நடப்பதைக் குறித்துக்கொண்டிருந்தார். முழு விவரமும் ஆய்வாளர்கள் ரோத்லிஸ்பெர்கரும் வில்லியம் டிக்சனும் 1939இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்த அறையில் கவனிப்பு உற்பத்தியை உயர்த்தவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஒருவர் அருகிலேயே இருந்தும் நாள் உற்பத்தி ஏறத்தாழ நேர்கோடாகவே சென்றது. 'ஹாதார்ன் விளைவு' என்று நாம் மாணவருக்குச் சொல்லும் விதியை ஹாதார்ன் ஆலையே மறுத்த இடம் இது.

நிர்வாகம் ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 7,312 முனை இணைப்புகளை இலக்காக வைத்திருந்தது. தொழிலாளர் மனத்தில் இருந்த நியாயமான நாள் வேலை 6,600. 'செலக்டர்' என்ற வகைக் கருவியில் வேலை செய்தோருக்கு 6,000. அதைத் தாண்டி வேகம் காட்டியவனுக்கு 'ரேட் பஸ்டர்' என்ற பட்டம், அதாவது கூலி வீதத்தைக் கெடுப்பவன். மிகக் குறைவாகச் செய்து பிறர் உழைப்பில் ஒட்டியவனுக்கு 'சிசலர்'. சக தொழிலாளியைப் பற்றி மேலிடத்தில் போய்ச் சொல்வது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். மீறியவனின் மேற்கையில் ஒரு குத்து விழும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிங்கிங்'. ஒரு நாள் கூடுதலாகச் செய்தவர் அதைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்து, குறைந்த நாளில் சேர்த்துக்கொண்டார். அறையின் மேற்பார்வையாளருக்கு இவை தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தார், ஏனென்றால் அவர் வேலை நடக்க வேண்டியதும் இவர்களை வைத்துத்தான்.

இது ஏன் நடந்தது? கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதில் பதில் இருக்கிறது. இவர்களுக்குக் குழுத் துண்டுக்கூலி. ஆனால் 'குழு' என்பது இந்த 14 பேர் மட்டும் இல்லை. ஆலையின் பெரிய கூடத்தில் இருந்த கம்பி இணைப்புத் துறை முழுவதும் ஒரே கணக்கு. அத்துறையின் மொத்த உற்பத்திக்குக் கிடைத்த தொகையை அவரவர் மணிநேர வீதப்படி பகிர்ந்தனர். ஒருவர் மாய்ந்து மாய்ந்து உழைத்தால் கிடைக்கும் கூடுதல் பணம் துறை முழுதும் பரவி, அவர் கைக்கு வரும்போது சில்லறையாகிவிடும். அந்த உழைப்பின் ஆபத்தோ அவர் தலைமேல் முழுதாக விழும். இவ்வளவு செய்ய முடிகிறதென்றால் வீதத்தைக் குறைக்கலாமே, ஆட்களைக் குறைக்கலாமே என்று நிர்வாகம் நினைக்கக்கூடும். மந்தமானவரைச் சகாக்களே முடுக்குவார்கள் என்று எதிர்பார்த்து இந்த முறையை வகுத்தவர்கள், எல்லாரையும் ஒரே மட்டத்தில் வைப்பதற்கான காரணத்தையே தொழிலாளர் கையில் கொடுத்தனர்.

ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. இத்தொழிலாளர் வீதக் குறைப்பைச் சொந்த அனுபவத்தில் கண்டதில்லை; ஆகவே அவர்கள் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை; குழுவின் உணர்வுத் தேவைதான் உண்மைக் காரணம் என்றனர். இந்த ஆய்வுகளை விளக்கிப் பரப்பிய எல்ட்டன் மேயோவின் மரபு முழுவதும் இந்தத் தடத்திலேயே நடந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அது 1931, 1932. பெருமந்தத்தின் அடிமட்டம். சுற்றிலும் ஆட்குறைப்பு, ஆலையில் வேலை நாட்களே குறைந்துகொண்டிருந்தன. இருக்கும் வேலையை எல்லாருக்கும் நீளும்படி பங்கிட்டுச் செய்ய வேண்டும் என்று நினைத்தவர்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று சொல்ல, அவர்கள் வாழ்வை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருக்க வேண்டும். மேயோவுக்கு ஒரு தலைமுறை முந்திய, அறிவியல் மேலாண்மையின் முன்னோடி பிரெடெரிக் டெய்லர் இதில் தெளிவாக இருந்தார். தொழிலாளரின் மெத்தனத்தைக் கடுமையாக வெறுத்த அவரே, உற்பத்தி கூடியதும் முதலாளிகள் வீதத்தைக் குறைப்பதுதான் அதற்குப் பெருங்காரணம் என்று எழுதினார்.

அதே ஆலையில் கிடைத்த இன்னொரு சான்று கூலியின் பங்கை மேலும் தெளிவாக்குகிறது. ரிலே என்ற தொலைபேசி உறுப்பைப் பொருத்தும் பெண்கள் ஐவரைப் பெருந்துறையிலிருந்து பிரித்து, அவர்களுக்கு மட்டும் தனிக் குழுக் கணக்கு வைத்தபோது, உழைப்பின் பலன் உழைத்தவருக்கே தெரியும் அளவுக்குக் குழு சிறிதாயிற்று; உற்பத்தியும் உயர்ந்தது. அங்கே ஓய்வு நேரமும் மேற்பார்வையும் சேர்ந்து மாறின என்பது உண்மை. அதனால்தான் இரண்டாவது ரிலே குழு முக்கியமாகிறது. அவர்களைத் தம் துறையிலேயே விட்டுக் கூலிக் கணக்கை மட்டும் சிறிதாக்கியதும் உற்பத்தி சுமார் 12 விழுக்காடு ஏறியது. பழைய கணக்குக்குத் திரும்பியதும் இறங்கியது.

ஆனால் கூலி ஒன்றை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. அந்த அறையில் மிகக் குறைவாக உற்பத்தி செய்தவர், அறிவுத்திறன் சோதனையில் முதலிடமும் விரல் திறன் சோதனையில் மூன்றாமிடமும் பெற்றவர். வெறும் கணக்கே ஆட்சி செய்திருந்தால் எல்லாரும் வரம்பைத் தொட்டு நின்றிருப்பார்கள். இவர் ஏன் அவ்வளவு கீழே நின்றார்? அறையில் இரண்டு கூட்டங்கள் இருந்தன. முன்பக்கம் இருந்தோர் தம்மை மேலானவர்களாகக் கருதினர். அவர்கள் சூதாட்டமும் வாக்குவாதமும் ஒரு வகை. பின்பக்கத்தார் குத்து விளையாட்டும் சன்னல் சண்டையுமாக இருந்தனர். தின்பண்டம் வாங்குவதில்கூட இருசாராருக்கும் பழக்கம் வேறு. பின்பக்கத்தார் குறைவாகச் செய்து முன்பக்கத்தாரை எரிச்சலூட்டினர், முன்பக்கத்தார் வசையால் பதில் சொன்னார்கள். ஒருவருடைய கைவேகம் அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லியது. சமூகவியலாளர் ஜார்ஜ் ஹோமன்ஸ் 1950இல் இந்த அறையைத் தம் குழுக் கோட்பாட்டின் அடித்தளமாக எடுத்துக்கொண்டதற்கு இந்த நுண்மைதான் காரணம்.

இங்கேயும் நிறுவனத்தின் கை தெரிகிறது. முன்பக்கத்தில் 'கனெக்டர்' வேலை, பின்பக்கத்தில் 'செலக்டர்' வேலை. புதியவர் பின்னே தொடங்கித் தேறியபின் முன்னே வருவது வழக்கம், கூலியிலும் சிறு வேறுபாடு. நிர்வாகம் வசதிக்காகப் போட்ட இருக்கை வரிசை தொழிலாளரிடையே மேல் கீழ் என்று வேரூன்றியது. வரம்பைக் கூலி விதி தந்தது. வரம்புக்குள் யார் எங்கே நிற்பது என்பதை வேலைப் பகுப்பில் பிறந்த மதிப்பு வரிசை தந்தது.

குழு கொடுத்த பாதுகாப்புக்கு விலையும் இருந்தது. தரம் பார்ப்போரில் ஒருவர் மற்றவர்களைத் தாழ்வாக நடத்தி, அலுவலகத்தில் புகாரும் செய்தார். அவருக்கு அறையில் நிற்க இடமில்லாமல் போய், கடைசியில் மாற்றலாகிப் போனார். வேகமாகச் செய்ய விரும்பியவரின் கையில் விழுந்த குத்து குத்துதான். நியாயமான காரணத்தில் பிறந்த கட்டுப்பாடு, நடைமுறையில் தனிமனிதரை ஒடுக்கவும் செய்யும். தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

கூலிக் கணக்கின் பங்கைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. 1944, 45இல் சிகாகோ வட்டாரப் பட்டறை ஒன்றில் துளையிடும் இயந்திரத்தில் தாமே வேலை செய்த சமூகவியலாளர் டொனால்ட் ராய், மணிக்கு 1.25 டாலருக்கு மேல் ஈட்டினால் வீதம் குறையும் என்று சகாக்கள் நம்பியதையும், அந்த எல்லையில் எல்லாரும் கைநிறுத்தியதையும் 1952இல் பதிவு செய்தார். அதே பட்டறைக்கு 1970களில் தொழிலாளியாகச் சென்ற மைக்கேல் புராவோய், அந்தக் கூலி விளையாட்டே தொழிலாளரை நிறுவனத்தோடு பிணைக்கிறது என்று காட்டினார். இருவரும் தொடங்கியது கூலிச் சீட்டிலிருந்து.

கம்பி இணைப்பறை 1932 மே மாதத்தில் மூடப்பட்டது. ஆய்வு முடிந்ததால் மூடவில்லை. அங்கே செய்ய வேலை இல்லாமல் போனது. வேலை தீர்ந்துவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிய நூலிலேயே இதுவும் இருக்கிறது. இந்த ஆய்வைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த 14 பேரின் கூலிக் கணக்கையும் அறை மூடப்பட்ட காரணத்தையும் சேர்த்தே மாணவர்முன் வைக்க வேண்டும். நம் ஊர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் குழு நடத்தையை ஆராயப் புறப்படும் இளம் ஆய்வாளர்கள், மனப்பான்மை வினாத்தாளை நீட்டுவதற்கு முன் சம்பள விதியைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.