குரோட்டன்ஸ்: பெயரில்லாத ஓர் இலையின் வரலாறு

தமிழில் வண்ண இலைச் செடிகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் இருக்கிறது: குரோட்டன்ஸ். தாவரவியல்படி குரோட்டன் வேறு, கோலியஸ் வேறு. குரோட்டன் தோல்போல் தடித்த இலை கொண்டது, ஒடித்தால் பால் வடியும், ஆமணக்குக் குடும்பம். கோலியஸுக்கு நாலு பட்டைத் தண்டு, மெத்தென்ற இலை. அது துளசிக் குடும்பம். இந்த வித்தியாசமெல்லாம் எங்கள் கண்ணமங்கலத்தில் செல்லாது. இரண்டும் 'குரோட்டன்ஸ் செடி', அவ்வளவுதான். உடைந்த குடத்திலும் பெயிண்ட் டப்பாவிலும் அடிகுழாய்த் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக நிற்கிற, மெரூனும் கிளிப்பச்சையுமான அந்தக் கோலியஸ்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் நம் வட்டத்தில் உண்டு. நம் முற்போக்குக் கதைகளில் குரோட்டன்ஸ் எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆபீசர் வீட்டு வராந்தாவில் வரும். வேலை கேட்டுப் போனவன் காத்திருக்கும் இடத்தில் வரும். பூக்காது, காய்க்காது, மணக்காது. ஆகவே அது நடுத்தர வர்க்கத்து வெறுமையின் குறியீடு. முருங்கை உழைப்பாளியின் மரம், குரோட்டன்ஸ் உட்கார்ந்து தின்பவனின் செடி. இந்த எதிர்வு நம் பொதுப்புத்தியில் இறுகிப்போய்விட்டது. இதைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன். (கோலியஸ் பூக்கவும் செய்யும். வெளிர்நீலத்தில், துளசிக் கதிர் மாதிரியே. வளர்ப்பவர்கள்தான் அதைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். பூவுக்குப் போனால் இலை சிறுத்து நிறம் மங்கும்.)

முதலில் பெயர் விவகாரம். கோலியஸ் என்ற இதே பேரினத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த மூன்று செடிகள் இருக்கின்றன. சளிக்குக் கசக்கிப் பிழியும் கற்பூரவல்லி ஒன்று. நெல்லைச் சீமையில் பொங்கலுக்குச் சமைக்கும் சிறுகிழங்கு இன்னொன்று. மூன்றாவது, வேருக்காகப் பயிரிடும் மருந்துக் கூர்க்கன். மூன்றுக்கும் தமிழ்ப் பெயர் உண்டு, மூன்றுக்கும் பயன் உண்டு. பயன் இல்லாத நான்காவதுக்குப் பெயர் இல்லை. நம் மரபில் இலை என்பது உண்பது, கட்டுவது, அர்ச்சிப்பது, மோந்து பார்ப்பது. வில்வமும் துளசியும் சாமிக்கு, மருக்கொழுந்து கூந்தலுக்கு. சங்கப் பெண்கள் தழையை உடையாகவே உடுத்தினார்கள். இலையின் நிறத்தைக் கவிஞர்கள் பார்க்காமல் இல்லை. ஆனால் மாந்தளிர் என்றால் பெண்ணின் மேனி. இலையின் நிறம் இன்னொன்றுக்கு உவமையாகத்தான் நமக்கு வந்தது. நிறத்துக்காகவே ஓர் இலையை வளர்த்து, சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்ற பழக்கம் வேறொரு வரலாற்றிலிருந்து வந்தது.

அந்த வரலாறு அம்போனாவில் தொடங்குகிறது. டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ரம்ஃபியஸ் அந்தத் தீவில் உட்கார்ந்து எழுதிய மூலிகை நூல், அவர் செத்து வெகுகாலம் கழித்து, 1741இலிருந்து அச்சேறியது. அதில் இந்தச் செடி 'மயானா' என்ற ஊர்ப்பெயரோடு இருக்கிறது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இன்றும் ஏறக்குறைய அதே பெயர்தான், இன்றும் அது கைவைத்தியச் செடிதான். அதாவது, பிறந்த மண்ணில் அது பெயரோடும் பயனோடும் இருந்தது. 1763இல் லின்னேயஸ் அதைத் துளசியின் பேரினத்தில் சேர்த்தார். 1790இல் லோரேரோ என்ற போர்த்துக்கீசியப் பாதிரி கோலியஸ் என்ற பேரினத்தை உண்டாக்கினார். உறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல், மகரந்தத் தாள்கள் உறைபோல் ஒட்டியிருப்பதால். பிறகு சோலினோஸ்டெமன் ஆனது, பிளெக்ட்ராந்தஸ் ஆனது, 2019இல் மறுபடி கோலியஸே ஆனது. ஒரு செடிக்கு ஐரோப்பா இத்தனை பெயர் வைத்துக்கொண்டிருந்தபோது மயானா என்பது அடிக்குறிப்பாகிப் போனது.

ஜாவாவிலிருந்து பெல்ஜியம், இங்கிலாந்துத் தோட்டக் கம்பெனிகளுக்கு நிறம் கூடிய வகைகள் போய்ச் சேர்ந்தது 1860களில். அதற்கான ஏற்பாடுகள் முன்பே தயாராகியிருந்தன. வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் செடிகள் மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் சாகாது. 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடி வீடுகள் பெருகின. 1868இல் லண்டன் சிஸ்விக் தோட்டத்தில் உருவாக்கிய கோலியஸ் கலப்பினங்கள் ஏலத்துக்கு வந்தபோது ஒரு மோகமே கிளம்பியது. தேயிலை, சின்கோனா, ரப்பர் என்று காலனிய தாவரவியலின் பொருளாதாரத்தைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். அதன் அழகியலைப் பற்றிப் பேசவில்லை.

இங்கே நெசவு உள்ளே வருகிறது. எங்கள் ஊர்க்காரன் என்பதால் வலிந்து இழுத்து வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாரீஸில் கோப்லான் என்ற அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடம். 1824இல் அதன் சாயப்பிரிவுக்கு ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் எடுப்பாக விழவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் தனியாக இல்லை, பக்கத்து நிறத்தால்தான் அது அந்த நிறமாகிறது. (சொற்களைப் பற்றி சசூர் சொன்னதற்கு எழுபது எண்பது வருடம் முன்பே ஒரு சாயக்காரர் நூலைப் பற்றிச் சொல்லிவிட்டார்.) 1839இல் இதை அவர் பெரிய நூலாக வெளியிட்டபோது, தோட்டத்தில் செடிகளை நிறம் பார்த்து அடுக்குவதற்கும் தனிப்பகுதி எழுதினார். ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குட்டையான வண்ண இலைச் செடிகளை ஆயிரக்கணக்கில் நெருக்கி நட்டு, கத்தரித்து, தரையில் கம்பளம் விரித்த மாதிரி வடிவம் காட்டும் பாணிக்குக் கம்பளப் பாத்தி என்றே பெயர் வந்தது. அதற்குத் தோதான செடிகளில் கோலியஸ் ஒன்று. சாயப்பட்டறையில் பிறந்த ஒரு விதி செடிக்குப் போய், செடி துணியைப் போலச் செய்தது.

அதே வருடங்களில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1856இல் பெர்க்கின் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாகக் கட்டி, பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்துச் செய்வதற்காக விநியோகித்தார். செடியை வெட்டிப் பெட்டியில் வைத்ததும் துணியை வெட்டிப் புத்தகத்தில் ஒட்டியதும் ஒரே கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1896இல் எட்வின் ஹோல்டர் சென்னை மாகாணத்துச் சாயங்களைப் பற்றி எழுதிய அரசாங்க நூல் வெளிவந்தபோது, அயல்நாட்டுச் சாயம் இங்கே பட்டறைகளுக்குள் வந்துவிட்டிருந்தது. உதகையில் முதல் மலர்க் கண்காட்சி நடந்ததும் அதே 1896தான். இன்றும் ஆரணிப் பக்கம் சேலையில் 'அரக்கு' என்று ஒரு கலர் சொல்கிறோம். அரக்குப் பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தின் பெயர் அது. பூச்சி போய்விட்டது, பெயர் மட்டும் கரித்தாரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பளப் பாத்தியைக் கடுமையாகத் தாக்கியவர்களில் வில்லியம் மாரிஸ் முக்கியமானவர். கவிஞர், நெசவாளர், கையால் சாயம் தோய்த்தவர், பின்னால் சோசலிஸ்ட். மனித மூளையின் கோளாறு என்கிற அளவுக்கு ஏசினார். நம் தோழர்களின் குரோட்டன்ஸ் வெறுப்புக்கு இப்படி ஒரு மதிப்பான பாட்டனார் உண்டு. மாரிஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாத்திகள் அதிகாரத்தின் தோட்டங்கள். செடி தன்போக்கில் ஓர் அங்குலம் வளர்ந்தாலும் வடிவம் கலைந்துபோகும், ஆகவே தினமும் கூலிக்கு ஆள் வைத்துக் கிள்ள வேண்டும். அந்த மாதிரித் தோட்டம்தான் உதகைக்கும் லால்பாக்குக்கும் கலெக்டர் பங்களாக்களுக்கும் வந்தது. நான் மாரிஸிடமிருந்து விலகும் இடம், அந்தக் கிள்ளப்பட்ட நுனிகள் எங்கே போயின என்ற கேள்வியில்.

கோலியஸின் இயல்பு அப்படி. கிள்ளிய நுனியைத் தண்ணீர்ச் செம்பில் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். விதையில் முளைத்த செடி தாய் மாதிரி இருக்க வேண்டியதில்லை, ஆளுக்கொரு நிறம் காட்டும். நுனியில் வளர்ந்ததோ அச்சு அசலாக அப்படியே இருக்கும். எவ்வளவு கிள்ளுகிறோமோ அவ்வளவு பக்கக் கிளை. அதாவது, பங்களாத் தோட்டத்தின் ஒழுங்கைக் காப்பாற்றச் செய்த வேலையே தினம் ஒரு கூடை நாற்றை உற்பத்தி செய்தது. குப்பைக்குப் போக வேண்டியதை எடுத்துப் போனவனைத் திருடன் என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையில் 1835இல் தோட்டக்கலைச் சங்கம் வைத்தவர்கள் பெயரெல்லாம் நூல்களில் இருக்கின்றன. ராபர்ட் வைட்டுக்குச் செடிகளை வரைந்து கொடுத்த ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் பெயர்கூடத் தப்பிப் பிழைத்தது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் கோவிந்துவின் பெயரை வைத்தார், பிற்பாடு அதுவும் வேறு பெயருக்குள் போய்விட்டது. இடுப்புத் துணியில் நாலு நுனியை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போன தோட்டக்காரருக்கு அந்த அளவு பதிவுகூடக் கிடையாது. வட ஆர்க்காட்டுத் தெருக்களில் நிற்கிற கோலியஸை நான் அவருடைய கையெழுத்தாகவே வாசிக்கிறேன். எங்கள் ஊரில் யாரும் இதைக் காசு கொடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போன வீட்டில் கிள்ளிக்கொண்டு வந்தது, நாத்தனார் கொடுத்தது, ஆஸ்பத்திரி வாசலில் ஒடித்தது என்றுதான் சொல்வார்கள்.

இனி, இங்கே அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது. தறி போட்ட வீட்டில் இடம் இருக்காது. கூடத்தில் குழித்தறி, மீதியில்தான் சமையல், படுக்கை எல்லாம். உச்சி வெயில் பட்டால் வெளுத்து, ஒரேயடியாக இருட்டில் வைத்தால் பச்சையாகிப்போகும் இந்தச் செடிக்கு, சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் காலை வெயில் மட்டும் விழுகிற ஒன்றரை அடி சந்து சரியான இடம். எங்கள் தெருவில் முப்பது வருடமாகப் பட்டு நெய்கிற ஒரு பெரியம்மாவிடம் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு இலையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாரு, ஒடம்பு மெரூனு. பார்டரு கிளிப்பச்ச. நடுவுல ரோஸ் ஓடுது பாரு, அது பேட்டு. இத்த நாம நெய்யணும்னா கோர்வ போட்டு, மூணு நாடா வச்சி, பக்கத்துல ஒரு ஆளு ஒக்காரணும். இது ஒண்டியா நெய்ஞ்சிக்கினு நிக்குது."

கொஞ்சம் பொறுத்து, "தறியில நான் சொல்ற கலரா வருது? மொதலாளி குடுக்குற பாவு, மொதலாளி குடுக்குற ஊட. இது ஒண்ணு தாம்பா நம்ம கலரு" என்றார்.

ஐரோப்பியன் இந்த இலையில் கம்பளத்தைப் பார்த்தான். பெரியம்மா சேலையைப் பார்க்கிறார். இரண்டும் நெசவுக் கண்கள்தான், வித்தியாசம் கண்ணுக்குச் சொந்தக்காரரில் இருக்கிறது. கூலிக்கு நெய்கிறவர் நாள் பூராவும் நிறத்தோடு வாழ்கிறார், ஒரு நிறத்தையும் தேர்ந்தெடுப்பதில்லை. நெய்து முடித்ததை உடுத்துவதும் இல்லை. மார்க்ஸ் அந்நியமாதல் என்றது இதுதான் என்று எழுதி முடித்துவிடலாம், முடிக்க மனம் வரவில்லை. ரான்சியர் 1981இல் பாட்டாளிகளின் இரவுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தூக்கத்தைத் திருடிக் கவிதை எழுதியதை அதில் காட்டினார். பயனற்றதன் மீது உழைப்பவனுக்கு உரிமை இல்லை என்று முதலாளி நினைப்பது புரிகிறது. நாமும் ஏன் அப்படி நினைத்தோம்? பெரியம்மா வீட்டில் முருங்கையும் உண்டு, கற்பூரவல்லியும் உண்டு. பயன் தெரியாதவர் இல்லை அவர். சமைத்து, தார் சுற்றி, நெய்து முடித்த பின் மிஞ்சுகிற பத்து நிமிடத்தில் அவர் போய் நிற்பது முருங்கை அடியில் அல்ல.

இந்த இலையை வைத்து வறுமைக்கு வெள்ளையடிக்க வருகிறவர்களையும் நான் அறிவேன். ஒரு செடி வைத்ததால் கூலி உயர்ந்துவிடாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாலும் உயரவில்லை என்பது தறியில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும்.

இதே பேரினத்தின் வேறொரு கிளை பணத்தோடு சம்பந்தப்பட்டது. மருந்துக் கூர்க்கனின் வேரிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைப் பம்பாயில் இருந்த ஹெக்ஸ்ட் ஆராய்ச்சிக் கூடம் 1970களில் பிரித்தெடுத்தது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் அதே காலத்தில் அந்த வேரில்தான் உழைத்துக்கொண்டிருந்தது. பிறகு சேலம், ஆத்தூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் ஒப்பந்த சாகுபடி வந்தது. கம்பெனி நாற்று கொடுக்கும், கம்பெனியே விலை சொல்லும், தறிக்காரன் நிலைமைதான். ஹெக்ஸ்ட் யார்? 1863இல் பிராங்ஃபர்ட் பக்கத்தில் செயற்கைச் சாயம் செய்யத் தொடங்கிய பட்டறை. ஆரம்பத்தில் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தவற்றில் பட்டுக்கான பச்சைச் சாயமும் ஒன்று. நம் சாயவேரையும் அவுரியையும் ஓரங்கட்டிய தொழில், நூறு வருடம் கழித்து நம் கூர்க்கன் வேருக்கு வந்து சேர்ந்தது.

வண்ணக் கோலியஸுக்கும் இப்போது முதலாளி வந்தாயிற்று. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களும் நாற்றுக் கம்பெனிகளும் உருவாக்குகிற புதிய வகைகள் பல, தாவரக் காப்புரிமை பெற்றவை. 1930இல் அங்கே இயற்றிய அந்தச் சட்டம் விதையைப் பற்றியதல்ல. நுனி, பதியன், ஒட்டு என்று விதையில்லாமல் பெருகும் செடிகளுக்கானது. காப்புரிமை உள்ள கோலியஸில் ஒரு நுனியைக் கிள்ளித் தண்ணீரில் போடுவது அங்கே சட்டப்படி உரிமை மீறல். கிழங்கில் பெருகும் பயிர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. சிறுகிழங்கு தப்பித்தது.