பிக்கப் வண்டிக்கு டயர் மாத்தப் போறீங்களா? சைஸ் மட்டும் பார்த்தா போதாது... பக்கத்துல இருக்குற இந்த நம்பரையும் பாருங்க!

ஊட்டியில் கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு மளிகை கொண்டுபோகும் வண்டி, பொள்ளாச்சி தேங்காய், திருப்பூர் பனியன் பேல் என்று கொங்கு மண்டலத்தின் சிறு வியாபாரம் பாதி இந்த நாலு சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. அந்த ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான்.

ஆனாலும் டயர் தேய்ந்து மாற்றப் போகும்போது பெரும்பாலானவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. ஒன்று சைஸ், இன்னொன்று விலை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே சைஸ்... ஆனா ஒரே டயர் இல்லை!

மகிந்திரா பொலிரோ பயணிகள் வண்டிக்கு வரும் டயர் 215/75 ஆர்15. பொலிரோ பிக்கப்பில் சில மாடல்களுக்கு வருவதும் அதே 215/75 ஆர்15 தான். ரிம்மில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். பார்க்கவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "அதே சைஸ்தானுங்கண்ணா, விலையும் கம்மி, போட்டுக்குங்க" என்று யாராவது சொன்னால் சரியென்றுதான் தோன்றும்.

போடக் கூடாது. பயணிகள் வண்டியின் டயர் ஆள் ஏறுவதற்காகச் செய்தது. சரக்கு வண்டியின் டயர் உள்ளே கூடுதல் பலத்தோடு, கூடுதல் காற்று அழுத்தம் தாங்கும்படி செய்தது. சரக்கு டயர் என்றால் சைஸுக்குப் பக்கத்தில் 'எல்டி' என்ற எழுத்தும், 6 பிஆர், 8 பிஆர் என்ற குறியீடும் இருக்கும். பிஆர் என்பது பிளை ரேட்டிங். ஒரு காலத்தில் டயருக்குள் எத்தனை அடுக்கு நூல் துணி இருக்கிறது என்பதற்கான எண்ணிக்கை அது. இன்றைய ரேடியல் டயரில் 8 பிஆர் என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கும் என்று அர்த்தமில்லை, அந்த அளவுக்குப் பலம் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் டயரில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கார் டயர் என்றால் அதன் தர எண் ஐஎஸ் 15633, சரக்கு மற்றும் வணிக வாகன டயர் என்றால் ஐஎஸ் 15636. கடையில் சந்தேகம் வந்தால் அந்தக் கடைசி நம்பரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

லோடு இண்டெக்ஸ்: இதுதான் முக்கியம்

சைஸுக்கு அடுத்து 100எஸ், 106/104கியூ என்பதுபோல ஒரு குறியீடு அச்சிட்டிருப்பார்கள். எழுத்து, வேகத்தின் அளவு. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., கியூ என்றால் 160. நம் ஊர் லோடு வண்டிக்கு இது பெரிய கவலை இல்லை. நம்பர்தான் கவலை. ஒரு டயர், சரியான காற்று அழுத்தத்தில், அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கும் என்பதைச் சொல்வது அதுதான்.

95 என்றால் 690 கிலோ. 100 என்றால் 800. 104 என்றால் 900. 106 என்றால் 950. 108 என்றால் 1,000. 112 என்றால் 1,120. இரண்டு நம்பர் இருந்தால் முதல் நம்பர் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் போடும் வண்டிக்கு, இரண்டாவது ஜோடி டயர் போடும் வண்டிக்கு. பிக்கப்புக்கு முதல் நம்பரைப் பார்த்தால் போதும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லோடு ஏற்றிய பிக்கப்பில் எடை நாலு டயருக்கும் சமமாகப் பிரியாது, பின்னாடிதான் அதிகம் விழும். மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் விழுந்தால் 2,000 கிலோ. ஒரு டயருக்கு 1,000. லோடு இண்டெக்ஸ் 100 உள்ள டயரை மாட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1,600 கிலோதான். 400 கிலோ இடிக்கிறது. அதுவும் சமதரையில், வண்டி நேராக நிற்கும்போது!

வளைவில் நிலைமை இன்னும் மோசம். உருளைக்கிழங்கு மூட்டையாவது கட்டிய இடத்தில் கிடக்கும். ரேக்ளாவுக்குக் காளை ஏற்றிப் போகும் வண்டியில் லோடே நின்றுகொண்டு வருகிறது. கொண்டை ஊசியில் திரும்பும்போது காளை ஒருபக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து டயர்தான் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். உங்கள் வண்டிக்கு எந்த நம்பர் என்பது ஓனர் மேனுவலிலும், பல மாடல்களில் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். அதைவிடக் குறைந்த நம்பருக்கு இறங்கவே கூடாது.

அப்போ பலமான டயர் போட்டா கூடுதல் லோடு ஏத்தலாமா?

ஏற்ற முடியாது. 6 பிஆருக்குப் பதில் 8 பிஆர் மாட்டினால் டயர் தாங்கும். ஆனால் பட்டை ஸ்பிரிங், அச்சு, பிரேக் எல்லாம் பழையதுதான். மலையில் நிறுத்த வேண்டியது பிரேக்தானே தவிர டயர் இல்லை. சட்டமும் டயரைப் பார்ப்பதில்லை, ஆர்.சி.யைத்தான் பார்க்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய்.

காத்து... இதுலதான் பாதி டயர் சாகுது

லோடு இண்டெக்ஸ் சொல்லும் கிலோ எல்லாம் சரியான காற்று இருந்தால்தான். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். அதில் உண்டாகும் சூடுதான் டயரை உள்ளுக்குள் பிரிக்கிறது. வெயில் நேரத்தில் அவிநாசி ரோட்டிலோ சேலம் பைபாஸிலோ வெடிக்கும் டயர் பலவற்றின் கதை, காற்று குறைந்த அன்றே ஆரம்பித்துவிடுகிறது.

மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் செய்யும் ஒரு தவறு இது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, ரிம் சூடாகி, டயரும் சூடாகும். கீழே வந்து காற்று பார்த்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். "ஐயோ, காத்து ஜாஸ்தி" என்று இறக்கிவிடுவார்கள். டயர் ஆறியதும் அது குறைந்த காற்றாகிவிடும். காற்று பார்க்க வேண்டியது காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால். மலைப்பாதையில் 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று போர்டு வைத்திருப்பது பிரேக்குக்காக மட்டும் இல்லை.

எப்போ மாத்தணும்? எப்படிப் பார்த்து வாங்கணும்?

பட்டன் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் கீழே போனால் அந்த டயரோடு ரோட்டில் ஓடக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அளவுகோல் தேவையில்லை. பட்டன் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயரின் ஆயுசு முடிந்தது. ஆனால் மழைக்காலத்தில் குன்னூர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதுவரை காத்திருப்பது வீண் தைரியம்.

பழைய டயரைக் கழற்றும்போதே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. அதைச் சரிபண்ணாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

புது டயரில் தயாரிப்புத் தேதியைக் கட்டாயம் பாருங்கள். நான்கு இலக்க எண். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். கடையில் இரண்டு மூன்று வருடம் கிடந்த டயரைப் புதுசு என்று புது விலைக்குத் தருவார்கள், உஷார். ஒரே அச்சில் ஒருபக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று கலக்கக் கூடாது. விலையைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் வாங்கி, அதில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாரண்டிக்கும் அந்த பில்தான் ஆதாரம்.

ரீட்ரேடிங் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோவைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். டயருக்கு மறுபட்டன் போடும் பொருட்களும் இயந்திரங்களும் தயாரிக்கும் எல்ஜி ரப்பர் நிறுவனம் கோவையைச் சேர்ந்ததுதான். சென்னையில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் டயர் தொழிலுக்குள் நுழைந்ததும், 1952-ல் இந்த மறுபட்டன் ரப்பர் வழியாகத்தான். லாரி, பஸ்ஸுக்கு இது நல்ல சிக்கனம். குட்டியானை மாதிரி சின்ன டயருக்கு அந்த அளவு மிச்சம் இருக்காது. போடுவதாக இருந்தாலும் ஸ்டியரிங்கைத் தாங்கும் முன் சக்கரத்தில் வேண்டாம்.

பின்னாடி டிரெய்லர் இழுத்தா?

ஐசுசு டி-மேக்ஸ் போன்ற பெரிய பிக்கப்பில் கேரவன், படகு என்று இழுக்கும் ஆசை இங்கேயும் மெல்ல வருகிறது. டிரெய்லரின் எடை டிரெய்லர் சக்கரத்திலேயே முழுதும் நிற்காது. 10 முதல் 15 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்காரும். 1,000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், நெம்புகோல் மாதிரி அழுத்தி, பின் டயரில் அதைவிடக் கூடுதலாகவே விழும். எனவே மேலே போட்ட கணக்கில் அதையும் சேர்த்துத்தான் லோடு இண்டெக்ஸ் பார்க்க வேண்டும். வண்டி இவ்வளவு இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் கொடுத்த அளவும், டிரெய்லருக்குத் தனிப் பதிவும் இல்லாமல் கொக்கி மாட்டுவது சட்டப்படியும் சிக்கல்.

ஸ்டெப்னியை மறந்துடாதீங்க

நாலு டயரும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியாகப் பழைய வழுக்கை டயரையே தொங்கவிடுபவர்கள் நிறைய பேர். ஸ்டெப்னிக்கும் அதே எல்டி, அதே லோடு இண்டெக்ஸ் வேண்டும். ஓடாமல் தொங்கினாலும் ரப்பருக்கு வயசாகும். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கவும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றும் டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. காற்று பார்க்கும்போது அஞ்சாவது டயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பர்லியாறு பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு பஞ்சரானால், பஞ்சர் கடை திறக்கும்வரை லோடோடு நிற்க வேண்டியதுதான்.