தினமும் வாக்கிங் போறீங்க... ஆனா அது மட்டும் போதுமா?

காலை 5.30 மணிக்கு அலாரம். ஷூவை மாட்டிக்கிட்டு அதே தெரு, அதே பார்க், அதே ஆறு ரவுண்டு. ஆரம்பத்தில் எடை கொஞ்சம் குறைந்தது. அப்புறம்? எடை மெஷின் முள் அசையவே மாட்டேங்குது. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்குது. 'இவ்வளவு நடந்தும் என்ன பிரயோஜனம்?' என்று ஒருநாள் ஷூவைக் கழற்றிப் போட்டுவிடுகிறோம்.

நீங்களும் இந்தக் கட்டத்தில் இருக்கிறீர்களா? அவசரப்பட்டு நடையை நிறுத்திடாதீங்க. தப்பு நடையில் இல்லை. நடையை மட்டுமே நம்பியதில்தான் இருக்கு.

உடம்பு பழகிடும்!

தினமும் ஒரே வேலையைக் கொடுத்தால், அதைக் குறைந்த சிரமத்தில் முடிக்க உடம்பு கற்றுக்கொள்ளும். முதல் வாரம் மூச்சு வாங்க வைத்த ஆறு ரவுண்டை, ஆறு மாதம் கழித்து அரட்டை அடித்துக்கொண்டே முடித்துவிடுவீர்கள். இதயம் பலமாகியிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஆனால், புதுச் சவால் இல்லாததால் முன்னேற்றம் அங்கேயே நின்றுவிடும்.

அதோடு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதே மூட்டும் அதே தசையும்தான் மொத்தச் சுமையையும் தாங்கணும். அதிகம் ஓடுபவர்களுக்குக் கால் எலும்பில் வலியும், நீச்சல்காரர்களுக்குத் தோள்பட்டையில் வலியும் வருவது இதனால்தான். பயிற்சியை மாற்றினால், ஒரு பகுதி வேலை செய்யும்போது இன்னொரு பகுதிக்கு ஓய்வு கிடைக்கும்.

நாலு வேலை இருக்கு

இதயத்துக்கு பலம், தசைக்கு வலு, தடுமாறாத சமநிலை, மூட்டுகள் எளிதாக மடங்கும் தன்மை. உடற்பயிற்சி செய்ய வேண்டிய வேலைகள் இந்த நான்கும்தான். வேகநடை முதல் வேலையை அருமையாகச் செய்யும். மற்ற மூன்றுக்கும் அது மட்டும் போதாது.

குறிப்பாக, தசை. 30 வயதைத் தாண்டியதும் தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கும். 60-க்குப் பிறகு அந்த வேகம் கூடும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்வது தசைதான். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் தசையைக் காப்பாற்றியே ஆகணும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, அதோடு குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர்க்க வேண்டும். வயதான காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழாமல் காப்பாற்றப்போவது அதுதான்.

ஒரு வாரத்துக்கு இப்படிப் பிரிச்சுக்கோங்க

திங்கள், புதன், வெள்ளி: 40 நிமிடம் வேகநடை. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

செவ்வாய், வியாழன்: 20 நிமிடம் தசைப் பயிற்சி. ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றி புஷ்-அப், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போதும்.

சனி: 30 நிமிடம் உங்களுக்குப் பிடித்தது. சைக்கிள், ஷட்டில், நீச்சல், டான்ஸ் எதுவானாலும் சரி.

ஞாயிறு: ஓய்வு. விருப்பப்பட்டால் எளிய யோகாசனங்கள்.

தினமும் பல் தேய்க்கும்போது, சுவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காலிலும் 10 விநாடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். சமநிலைக்கு அது நல்ல ஆரம்பம்.

இதையும் கவனிங்க

மாத்திச் செய்யணும் என்பதற்காகத் தினம் ஒரு புதுப் பயிற்சியைத் தேடி ஓடாதீங்க. ஒரு பயிற்சியில் முன்னேற்றம் தெரிய சில வாரங்களாவது ஆகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் புதிதாகச் சேருங்கள். இதயநோய், உயர் ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும், இன்சுலின் போடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

கழற்றிப் போட்ட ஷூவை மறுபடி மாட்டுங்க. நாளைக்கு ஆறாவது ரவுண்டுக்குப் பதிலா, பார்க் பெஞ்சில் 10 முறை உட்கார்ந்து எழுந்து பாருங்க. இதுவரை வேலையே கொடுக்காத தசை எதுவென்று உங்க தொடையே சொல்லிடும்!