பிரகலாத், சி. கே. (1941–2010)

கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும், ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் நிர்வாகவியலும் பயின்றார். 1975இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார்.

ஒரு நிறுவனத்தின் தனித்துவமான ஆற்றலைப் பற்றி, கேரி ஹாமலுடன் 1990இல் எழுதிய 'மூலத்திறன்' கட்டுரையே இவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆயினும் ரிச்சர்ட் பெட்டிசுடன் 1986இல் வெளியிட்ட ஆய்வு அதைவிட ஆழமானது. உயர் நிர்வாகிகள் தாம் வளர்ந்த தொழிலில் வென்ற வழிமுறைகளை மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். எந்தத் தகவலைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்பதை அந்தப் பதிவே தீர்மானிக்கிறது. முற்றிலும் வேறான தொழிலில் இறங்கும்போதும் அதே கண்ணோட்டத்தில் முடிவெடுத்துச் சறுக்குகிறார்கள். பன்முக நிறுவனங்கள் தடுமாறுவதற்குச் சந்தை மட்டுமே காரணமல்ல என்று காட்டியது இவ்வாய்வு.

சிங்கப்பூரின் செம்பவாங் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் பட்டறை 1968இல் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிறுவனமாயிற்று. கப்பல்துறைகளும் பாரந்தூக்கிகளும் பழையவையே. ஆனால் போர்க்கப்பல்களுக்கு உழைத்த இடம் இப்போது விலை, கெடு, வாடிக்கையாளர் என்று கணக்கிட வேண்டியிருந்தது. பிரகலாத் ஆராய்ந்தது இத்தகைய மனமாற்றத்தின் கடினத்தைத்தான்.