தேர்ச்சி விகிதமும் மாணவர் பின்னணியும்: அமெரிக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளை மதிப்பிடும் முறை குறித்து

அமெரிக்காவின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் ஒவ்வொன்றையும் பற்றி ஆண்டுதோறும் இரு வகைப் புள்ளிவிவரங்கள் வெளியாகின்றன. வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலம் வரையறுத்த தரத்தை நூற்றுக்கு எத்தனை மாணவர் எட்டினர் என்பதைத் தேர்ச்சி விகிதம் காட்டுகிறது. அம்மாணவரின் இனம், வீட்டு மொழி, வறுமை நிலை, மாற்றுத்திறன் ஆகியவற்றைப் பின்னணி விவரம் காட்டுகிறது. இரண்டும் அருகருகே இடம்பெறுவதால், முன்னது பள்ளியின் உழைப்புக்கும் பின்னது அப்பள்ளி இயங்கும் சூழலுக்கும் சான்று என்று பெற்றோரும் கல்வித்துறையினரும் எளிதாகக் கொண்டுவிடுகின்றனர். தேர்ச்சி விகிதத்திலேயே பின்னணியின் பங்கு பெரிதும் கலந்திருக்கிறது என்பதும், பள்ளியின் பங்கைத் தனித்தறிய ஒரே மாணவர் ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில் அடைந்த முன்னேற்றத்தையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இவ்விவாதத்தின் தொடக்கம் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆணைப்படி, சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, பள்ளிக் கட்டடம், நூலகம், செலவு ஆகியவற்றைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண் வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்று கண்டது. பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை என்று பலர் இதிலிருந்து முடிவு கட்டியது பெரும் பிழை. டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆய்வில், மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் குலுக்கல் முறையில் சிறிய வகுப்புகளுக்கும் வழக்கமான அளவுள்ள வகுப்புகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்புகளில் படித்தவர்கள் கூடுதலாகக் கற்றனர், அந்தப் பயன் கறுப்பினக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாக இருந்தது. ஆக, பள்ளி மாற்றத்தை உண்டாக்கவே செய்கிறது. இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது படுவதில்லை.

2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்னும் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு நடத்தவும், முடிவுகளை இனம், வறுமை, மொழி, மாற்றுத்திறன் என்னும் உட்பிரிவுவாரியாக வெளியிடவும் கட்டாயப்படுத்தியது. பள்ளியின் சராசரிக்குள் மறைந்துகிடந்த ஏழைக் குழந்தைகளின் நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அளவில் இது ஒரு நீதியான ஏற்பாடு, அதைக் கைவிடலாகாது. ஆனால் 2014க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற இலக்கும், அதை எட்டாத பள்ளிகளுக்கு விதித்த தண்டனைகளும், தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர் மீதே கவனம் குவியவும், வெகு கீழே இருப்பவர் கைவிடப்படவும் வழிவகுத்தன. 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம் தண்டனைகளைத் தளர்த்தியதே தவிர, தேர்ச்சி விகிதத்தின் முதன்மையை அகற்றவில்லை.

அவ்விகிதம் எவ்வாறு ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். நூறு மாணவர் உள்ள பள்ளியில் வசதியுள்ள 80 பேரில் 60 பேரும் ஏழைகள் 20 பேரில் 8 பேரும் தேறினால் விகிதம் 68. சில ஆண்டுகளில் அப்பகுதியின் குடியிருப்பு மாறி, இரு பிரிவிலும் ஐம்பது ஐம்பது பேர் ஆகி, முறையே 39 பேரும் 23 பேரும் தேறுகின்றனர் எனக் கொள்வோம். வசதியுள்ளோரின் தேர்ச்சி 75இலிருந்து 78 ஆகவும், ஏழைகளின் தேர்ச்சி 40இலிருந்து 46 ஆகவும் உயர்ந்திருக்க, பள்ளியின் விகிதமோ 62 ஆகச் சரிகிறது. இரு பிரிவினருக்கும் முன்னைவிட நன்றாகக் கற்பித்த ஆசிரியர்கள், அறிக்கையில் தோற்றவர்களாக நிற்கின்றனர்.

உட்பிரிவுகளும் மாறாத எல்லை உடையவை அல்ல. வீட்டில் வேறு மொழி பேசி, ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்கும் குழந்தைகள் தனிப்பிரிவாகக் கணக்கிடப்படுகின்றனர். ஆங்கிலத்தில் போதிய திறன் பெற்றதும் அப்பிரிவிலிருந்து நீக்கப்படுகின்றனர். வென்றவர் வெளியேறிக்கொண்டே இருக்க, புதிதாக வந்தவர் சேர்ந்துகொண்டே இருப்பதால், பள்ளி எவ்வளவு சிறப்பாகச் செயல்பட்டாலும் அப்பிரிவின் மதிப்பெண் தாழ்ந்தே தோன்றும்.

வறுமையை அளக்கும் கருவி இதனினும் குறைபாடுடையது. கூட்டரசின் வறுமைக் கோட்டில் 130 விழுக்காடு வரை வருமானமுள்ள குடும்பத்துக் குழந்தைக்கு மதிய உணவு இலவசம். 185 விழுக்காடு வரை குறைந்த விலை. இவ்வுணவுக்கான தகுதியே நெடுங்காலமாக வறுமையின் அடையாளமாகப் பயன்பட்டு வருகிறது. கடும் வறுமையில் வாடும் குழந்தையும், கோட்டை ஒட்டி வாழும் குழந்தையும் இதில் ஒன்றாகிவிடுகின்றனர். மிச்சிகன் மாநிலத் தரவுகளை ஆராய்ந்த கேத்தரின் மிக்கல்மோரும் சூசன் டைனார்ஸ்கியும், எட்டாம் வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர் இத்தகுதி உடையவர் என்றாலும், மழலையர் வகுப்பு முதல் எல்லா ஆண்டும் தகுதியுடையோர் 14 விழுக்காட்டினரே என்றும், இவர்களின் மதிப்பெண் ஏனையோரினும் வெகுவாகத் தாழ்ந்தது என்றும் காட்டினர். போதாக்குறைக்கு, ஏழைகள் மிகுந்த பள்ளிகளில் விண்ணப்பமின்றி அனைவருக்கும் இலவச உணவு தரும் திட்டம் 2014 முதல் நாடெங்கும் அனுமதிக்கப்பட்டது. பசித்த குழந்தைகளுக்கு இது பெரும் நன்மை. கணக்கிலோ, அத்தகைய பள்ளியில் யார் ஏழை, யார் அல்லர் என்ற வேறுபாடே அழிந்துவிடுகிறது.

முன்னேற்றத்தை அளவாகக் கொண்டால் காட்சி மாறுகிறது என்பதற்குச் சிகாகோ நகரம் சான்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பில் நாட்டுச் சராசரிக்கு வெகு கீழே இருந்த அந்நகர மாணவர், எட்டாம் வகுப்பை எட்டும் ஐந்தாண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்கு நிகரான கல்வியைப் பெற்றனர். தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்து வீடு தேடும் பெற்றோர் தவிர்க்கக்கூடிய பள்ளிகளே இவ்வளவு கற்பித்திருக்கின்றன.

இவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. கட்டாயத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆகவே முன்னேற்றத்தை நான்காம் வகுப்பிலிருந்தே கணக்கிட இயலும். எழுத்தறியாமல் வரும் குழந்தை வாசிக்கத் தொடங்கும் முதல் ஆண்டுகள், அதாவது தொடக்கப் பள்ளியின் பங்கு மிகுந்திருக்கும் ஆண்டுகள், இக்கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்துத் தேர்வு வைப்பது இதற்குத் தீர்வாகாது. வகுப்பாசிரியரே ஒவ்வொரு குழந்தையையும் அருகில் இருத்தி, சில நிமிடம் வாசிக்கச் செய்து, ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் குறித்துவைக்கும் பதிவுகளே போதும். அவை பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தப் பயன்படலாகாது. பயன்பட்டால், தண்டனைக்கு அஞ்சும் ஆசிரியர் உண்மையைக் குறித்துவைக்கத் தயங்குவார்.